பழைய நீவ் 1073-ஆ, புதியதா, நகலா? ப்ரீஆம்ப், ஈக்யூ வாங்கவும் விற்கவும் ஓர் ஒப்பீடு

ஸ்டுடியோ நடத்துகிறவர்களும், வீட்டில் ஓர் அறையை ஒலிப்பதிவுக்காகத் தயார் செய்துகொண்டவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. நல்ல மைக் ப்ரீஆம்ப் ஒன்று வாங்கலாம் என்று இருக்கிறேன். பழைய நீவ் 1073 தேடுவதா, அதே பெயரில் இப்போது செய்வதை வாங்குவதா, இல்லை நகல் போதுமா?" இன்னொரு கேள்வியும் வருகிறது. "பழைய சாமான் ஒன்று கையில் இருக்கிறது. எங்கே கொடுத்தால் ஏமாறாமல் நியாயமான விலை கிடைக்கும்?"

இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். இந்தச் சந்தையில் நஷ்டப்படாமல் இருப்பவர்கள் பெரும்பாலும் வாங்கும் அன்றே விற்பதைப் பற்றியும் யோசித்தவர்கள்தான்.

மைக்கிலிருந்து வரும் மெல்லிய சிக்னலைப் பெரிதாக்குவது ப்ரீஆம்ப்; ஒலியின் மேல், நடு, கீழ்ப் பகுதிகளைக் கூட்டிக் குறைப்பது ஈக்யூ. 1073-இல் இரண்டும் சேர்ந்தே இருக்கும். பேச்சை அதைச் சுற்றியே வைத்துக்கொள்கிறேன். அதிகம் தேடப்படுவதும் அதிகம் நகலெடுக்கப்படுவதும் அதுதான். ரூபர்ட் நீவின் கம்பெனி 1970-இல் இங்கிலாந்தில் செய்தது. லண்டன் வெசெக்ஸ் ஸ்டுடியோவுக்கான ஏ88 கன்சோலில் (பல சேனல்களைச் சேர்த்துக் கையாளும் ஒலிப்பதிவு மேஜை) முதலில் இடம்பெற்றது. உள்ளே போகும் வழியிலும் வெளியே வரும் வழியிலும் டிரான்ஸ்ஃபார்மர், நடுவில் கிளாஸ் ஏ சர்க்யூட் (டிரான்சிஸ்டரில் மின்னோட்டம் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும் வகை), 80 டெசிபல் வரை கெயின், அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவு, மூன்று பட்டை ஈக்யூ. மேல் பட்டை 12 கிலோஹெர்ட்ஸில் நிலையாக நிற்கும். நடுப்பட்டையை 360 ஹெர்ட்ஸிலிருந்து 7.2 கிலோஹெர்ட்ஸ் வரை ஆறு இடங்களில் வைக்கலாம். கீழ்ப்பட்டைக்கு 35, 60, 110, 220 ஹெர்ட்ஸ். இது போக, அடித்தள இரைச்சலை வெட்ட ஒரு ஹைபாஸ் ஃபில்டர்.

அப்போது இது தனிப் பெட்டி இல்லை, பெரிய கன்சோலில் ஒரு சேனலுக்கான மாட்யூல். எண்பதுகளில் கம்ப்யூட்டர் ஆட்டோமேஷனோடு எஸ்எஸ்எல் கம்பெனியின் கன்சோல்கள் வந்ததும் பழைய நீவ் கன்சோல்களைப் பல ஸ்டுடியோக்கள் கழித்துக்கட்டின. சில குப்பைக்கே போயின. லாஸ் ஏஞ்சலஸில் பிரென்ட் ஆவரில் போன்றவர்கள் கழற்றிய மாட்யூல்களை இரண்டிரண்டாக ராக் பெட்டியில் பூட்டி, மின்சாரம் கொடுத்து விற்க ஆரம்பித்தார்கள். இன்று "ஒரிஜினல் 1073 ஜோடி" என்று விற்பனைக்கு வருவது கிட்டத்தட்ட எல்லாமே இப்படி ஏதோ ஒரு கன்சோலிலிருந்து பிரிந்து வந்ததுதான். பின்னால் சொல்லப்போகும் பல சிக்கல்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது.

## முதலில் எதை வைத்து அளப்பது?

பலரும் ஒலியிலிருந்து தொடங்குவார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். ஒலி முக்கியம்தான். ஆனால் ஐம்பது வயதான இரண்டு 1073-ஐப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேட்டால் அவையே ஒன்றுபோல் ஒலிப்பதில்லை. ஒன்றில் கெப்பாசிட்டர்கள் காய்ந்துபோயிருக்கும், இன்னொன்றை யாரோ அரைகுறையாகச் சர்வீஸ் செய்திருப்பார்கள். நல்ல நிலையில் இருக்கும் ஒரிஜினலுக்கும் ஒழுங்காகச் செய்த நகலுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைவிட, நல்ல ஒரிஜினலுக்கும் கெட்டுப்போன ஒரிஜினலுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பெரியது. ஆகவே பெயரைப் பார்ப்பதற்கு முன் நிலையைப் பார்க்க வேண்டும். என் வரிசை இது:

பழுது பார்க்க ஆள் இருக்கிறாரா? பழைய அம்பாசடர் வாங்குகிறவர் முதலில் பக்கத்துத் தெரு மெக்கானிக்கை விசாரிப்பார் இல்லையா, அப்படித்தான். மாட்யூலைத் திறந்து, பயாஸ் (டிரான்சிஸ்டருக்கு வைக்கும் அடிப்படை மின்னோட்டம்) அளந்து, சரியான பாகம் போடத் தெரிந்த ஒருவர் உங்கள் ஊரிலோ, பாதுகாப்பாக அனுப்பக்கூடிய தூரத்திலோ இருக்க வேண்டும். இல்லையென்றால் முடிவு அங்கேயே பாதி எடுக்கப்பட்டுவிட்டது.

உண்மையில் எத்தனை சேனல் வேண்டும், ஈக்யூ வேண்டுமா? பாடகர் ஒருவரைப் பதிவு செய்ய ஒரு சேனல் போதும். டிரம்ஸ் பதிவு செய்ய எட்டு வேண்டும். எட்டு ஒரிஜினல் என்பது வேறு உலகக் கணக்கு.

விலைப்பட்டியலில் வராத செலவு. பவர் சப்ளை, ராக், கப்பல் அல்லது விமானக் கட்டணம், இன்சூரன்ஸ், சுங்க வரி, வந்ததும் செய்ய வேண்டிய சர்வீஸ்.

திரும்ப விற்றால் எவ்வளவு வரும்? வாங்கிய விலையிலிருந்து விற்கக்கூடிய விலையைக் கழித்தால் கிடைப்பதுதான் உண்மையான செலவு.

அதற்கப்புறம் ஒலி.

## பழைய ஒரிஜினல் 1073

நீலம் கலந்த சாம்பல் நிற முகப்பு, மேலே சிவப்பு கெயின் குமிழ். பார்த்ததும் ஆசை வரும், வரத்தான் செய்யும். ஆனால் முடிவு எடுக்க வேண்டியது பக்கத்துத் தகட்டைக் கழற்றிய பிறகு.

உள்ளே சின்னச் சின்ன அட்டைகள் செருகியிருக்கும். அதில் பிஏ283 என்ற அட்டையைத் தேடிப் பாருங்கள். வெளியே போகும் சிக்னலைத் தள்ளுவது அதுதான். அதிலுள்ள 2என்3055 டிரான்சிஸ்டர்தான் எல்ஓ1166 என்ற அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை ஓட்டுகிறது. கிளாஸ் ஏ-வில் ஒற்றை டிரான்சிஸ்டர் ஓட்டுவதால் டிரான்ஸ்ஃபார்மரின் சுற்றில் எப்போதும் நேர்மின்னோட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். அதைத் தாங்குவதற்காக அதன் இரும்பு மையத்தில் வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். யாராவது அந்த இடத்தில் இடைவெளி இல்லாத மலிவு டிரான்ஸ்ஃபார்மரைப் போட்டிருந்தால் அடித்தள ஒலி சீக்கிரமே திணறும். கேட்பவருக்கு "என்னமோ சேறாக இருக்கிறது" என்றுதான் தோன்றும், காரணம் புரியாது. பயாஸ் மின்னோட்டம் சரியாக வைக்கப்படாவிட்டாலும் இதே கதைதான்.

டிரான்ஸ்ஃபார்மர்களின் மேல் ஒட்டியிருக்கும் பெயரையும் பாருங்கள். ஆரம்ப கால மாட்யூல்களில் மாரினேர், பிறகு வந்தவற்றில் செயின்ட் ஐவ்ஸ். மாரினேருக்குச் சந்தையில் கூடுதல் விலை. அதனாலேயே சிலர் அதைக் கழற்றித் தனியாக விற்றுவிட்டு, உள்ளே வேறொன்றைப் போட்டு, முகப்பை மட்டும் காட்டி விற்கிறார்கள். விற்பவரிடம் இந்தப் படங்களைக் கேளுங்கள்: டிரான்ஸ்ஃபார்மர் லேபிள்கள், ஒவ்வொரு அட்டையின் எண், அட்டைகளின் பின்பக்கச் சால்டர், சீரியல் எண். நேர்மையான விற்பனையாளர் அரை மணி நேரத்தில் எடுத்து அனுப்புவார். "அதெல்லாம் திறக்க வேண்டாம், நன்றாகவே வேலை செய்கிறது" என்று பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

கெப்பாசிட்டர் விஷயம் தனி. எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர்கள் காலப்போக்கில் காய்ந்து மதிப்பு குறையும், அடித்தளம் மெலியும். டான்டலம் கெப்பாசிட்டர்கள் ஷார்ட் ஆகக்கூடியவை. ஐம்பது ஆண்டுகளாக ஒரு பாகம்கூட மாறாத மாட்யூல் என்றால் அது பெருமைக்குரிய விஷயமாகத் தெரியலாம், ஆனால் அதை வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது. ரீகேப் (பழைய கெப்பாசிட்டர்களை மாற்றுவது) ஆகியிருந்தால் யார் செய்தது, எப்போது, எந்தப் பாகங்கள் என்ற விவரம் வேண்டும். ரோட்டரி சுவிட்சுகளில் கரகரப்பு இருந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் சுத்தம் செய்தால் போய்விடும்.

இனி பலரும் மறந்துவிடும் செலவுகள். மாட்யூலை மட்டும் வாங்கினால் அதை மேஜையில் வைத்து அழகு பார்க்கத்தான் முடியும். 24 வோல்ட் பவர் சப்ளை தனியாக வேண்டும். கண்டென்சர் மைக்கை ஓட்டும் 48 வோல்ட் ஃபேன்டம் மின்சாரம் கன்சோலிலிருந்து வந்தது, ஆகவே அதையும் ராக்கில் கட்டித்தர வேண்டும். அவுட்புட் 600 ஓம் சுமையை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டது. ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் இன்றைய இண்டர்ஃபேஸின் உள்ளீடு பல ஆயிரம் ஓம். சுமை இல்லாமல் ஓட்டினால் மேல் ஸ்தாயி தேவையில்லாமல் தூக்கிக் காட்டும். ஒரு ரெசிஸ்டர் போட்டால் தீர்ந்துவிடும், ஆனால் தெரிந்திருக்க வேண்டும். கெயின் சுவிட்ச் 5 டெசிபல் படிகளில் நகரும், அவுட்புட்டைக் குறைக்க மாட்யூலில் குமிழ் கிடையாது. அந்த வேலையைக் கன்சோலின் ஃபேடர் செய்துகொண்டிருந்தது. 1073-ஐக் கொஞ்சம் அழுத்தி ஓட்டி அந்தத் தடிப்பான ஒலியை எடுக்க வேண்டுமானால் பின்னால் அளவைக் குறைக்க ஓர் அட்டென்யூவேட்டர் இருக்க வேண்டும். இல்லையென்றால் இண்டர்ஃபேஸில்தான் ஒலி முதலில் உடையும். நல்ல ராக் என்றால் இதெல்லாம் உள்ளேயே இருக்கும். மோசமான ராக் என்றால் ஹம் என்ற மின்சார முனகல் மட்டும்தான் இருக்கும்.

விலை? ராக் செய்த நல்ல ஜோடி பத்தாயிரம் டாலரைத் தாண்டுவது இன்று சாதாரணம். ஆனால் இந்தப் பட்டியலில் விலை இறங்காமல் நிற்பதும் இதுதான். சரியான ஒன்றைச் சரியான விலைக்கு வாங்கி, பத்திரமாக வைத்திருந்தால், போட்ட பணம் பெரும்பாலும் திரும்பிவிடும்.

அந்த விலை கட்டுப்படியாகாது, ஆனால் பழையதுதான் வேண்டும் என்பவர்கள் வேறு எண்களைப் பாருங்கள். 1066, 1084 இரண்டும் அதே குடும்பம். 1084-இல் மேல் பட்டையை 10, 12, 16 கிலோஹெர்ட்ஸ் என்று மாற்றலாம், சில வேலைகளுக்கு 1073-ஐவிட வசதி. ராக் இசைக்கலைஞர் டேவ் குரோல் வாங்கிய, சவுண்ட் சிட்டி ஸ்டுடியோவின் நீவ் 8028 கன்சோலில் இருந்தவை 1084-கள்தான். ஈக்யூ வேண்டாம் என்றால் 1272. அது கன்சோலில் லைன் ஆம்பாக (மைக்குக்கு அல்ல, ஏற்கெனவே பெரிதான சிக்னலுக்கான ஆம்ப்) இருந்தது. அதே பிஏ283 அட்டை உள்ளே இருப்பதால் மைக் ப்ரீஆம்பாக மாற்றுகிறார்கள். மாற்றியவரின் கைவேலை எப்படி என்பதுதான் அதில் எல்லாமே.

யாருக்கு ஏற்றது: கைக்கெட்டிய தூரத்தில் டெக்னீஷியன் உள்ளவர், ஒன்றிரண்டு சேனல் மட்டும் வேண்டியவர், பணம் சில வருடங்கள் முடங்கினாலும் பரவாயில்லை என்பவர். ஸ்டுடியோவுக்குப் பெயர் வாங்கித் தருவதும் உண்மையே, வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டு வருவார்.

## அதே பெயரில் இன்றைய தயாரிப்பு

ரூபர்ட் நீவ் 1973-இல் கம்பெனியை விற்று 1975-இல் வெளியேறினார். 1985-இல் சீமென்ஸ் வாங்கியது. 1992-இல் ஏஎம்எஸ் நிறுவனத்தோடு இணைந்து ஏஎம்எஸ் நீவ் ஆனது. லங்காஷயரின் பர்ன்லியில் இன்றும் 1073 செய்கிறார்கள். ரூபர்ட் நீவ் பெயரையே தாங்கிய இன்னொரு கம்பெனி அமெரிக்காவில் இருக்கிறது. அது அவர் பிற்காலத்தில் வடிவமைத்த வேறு சர்க்யூட்களைச் செய்கிறது. இரண்டையும் குழப்பிக்கொண்டு பணம் கட்டியவர்கள் உண்டு.

இதில் நிம்மதி அதிகம். வாரண்டி உண்டு, பாகம் கிடைக்கும், பவரும் ஃபேன்டமும் உள்ளேயே இருக்கும், பெரும்பாலான மாடல்களில் கிட்டார் நேரடியாகச் செருகும் வசதியும் உண்டு. முழு 1073-ஐத் தேடுகிறவர் 500 சீரிஸ் சிறு மாட்யூல்களைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. 1073எல்பி என்பதில் ப்ரீஆம்ப் மட்டும்தான். ஈக்யூவுக்கு 1073எல்பிஈக்யூ என்று தனி மாட்யூல். இரண்டையும் செருக மின்சாரத்தோடு ஒரு சேஸிஸ். மூன்றையும் கூட்டினால் தனிப் பெட்டியாகவே வாங்கியிருக்கலாமோ என்று தோன்றும்.

புதிதாக வாங்கினால் கடையைவிட்டு வெளியே வந்ததும் மதிப்பு இறங்கும், எந்தப் புதுச் சாமானுக்கும் உள்ளதுதான். ஆகவே என் பரிந்துரை, இதே தயாரிப்பை செகண்ட் ஹேண்டில் வாங்குங்கள். முதல் சரிவை வேறொருவர் ஏற்றுக்கொண்டிருப்பார். நீங்கள் விற்கும்போது கிட்டத்தட்ட வாங்கிய விலைக்கே போகும்.

யாருக்கு ஏற்றது: தினமும் வேலை நடக்கும் ஸ்டுடியோ. ஒரு சேனல் படுத்தால் அன்றைய வருமானம் போகும் இடத்தில் இதுதான் சரி.

## நகல்கள்: இரண்டு வகை, இரண்டு கணக்கு

நகல் என்றதும் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

ஒரு வகை, கையால் செய்யும் சிறு கம்பெனிகள். பிரென்ட் ஆவரிலின் பட்டறையிலிருந்து வளர்ந்த பிஏஈ, அமெரிக்காவின் சாண்ட்லர், கிரேட் ரிவர், வின்டெக், ஸ்பெயினின் ஹெரிடேஜ் ஆடியோ. பலவற்றில் கார்ன்ஹில் டிரான்ஸ்ஃபார்மர். பழைய செயின்ட் ஐவ்ஸ் வழி வந்தது அது. இவற்றில் சில பழைய சர்க்யூட்டை அப்படியே பின்பற்றுகின்றன, சில அதிலிருந்து கிளம்பித் தம் வழியில் போகின்றன. கிரேட் ரிவரின் எம்பி-2என்வி-யில் ஈக்யூ கிடையாது, ஆனால் கெயினையும் அவுட்புட் அளவையும் தனித்தனியாக மாற்றலாம். ஒலியை வேண்டிய அளவுக்கு அழுத்தி, வேண்டிய அளவுக்கு வெளியே விடலாம் என்பதால் அன்றாட வேலைக்கு அது ஒரிஜினலைவிடச் சௌகரியம். விலை உயர்ந்ததுதான், ஆனால் பணத்துக்கு ஏற்ற பொருள். இந்த வகை பழையதாக விற்றாலும் மதிப்பு ஓரளவு நிற்கும்.

இன்னொரு வகை, சில நூறு டாலர் விலையில் வருபவை. கோல்டன் ஏஜ் ப்ராஜெக்ட்டின் ப்ரீ-73, வார்ம் ஆடியோவின் டபிள்யூஏ73. சீனாவில் அளவோடு செலவு செய்து தயாரிப்பவை. இவற்றைக் கேலி பேசுவோர் உண்டு, நான் பேச மாட்டேன். முதன்முதலாக டிரான்ஸ்ஃபார்மர் ப்ரீஆம்ப் ஒன்றை வாங்கி, அழுத்தி ஓட்டினால் குரலுக்கு என்ன ஆகிறது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி தெரியவில்லை. ஆனால் இரண்டு எச்சரிக்கை. ஈக்யூ உள்ள மாடலா, இல்லாததா என்று பார்த்து வாங்குங்கள், பெயர்கள் ஒன்றுபோல் இருக்கும். அப்புறம், "டிரான்ஸ்ஃபார்மரை மாற்றினால் ஒரிஜினல் ஆகிவிடும்" என்று மேற்கொண்டு செலவு செய்யாதீர்கள். விற்கும்போது அந்தச் செலவில் ஒரு ரூபாய்கூட திரும்பாது.

கிட் வாங்கிச் சொந்தமாகச் சால்டர் செய்வது மூன்றாவது வழி. கற்றுக்கொள்ள அருமை, பாகங்களும் தரமாகவே கிடைக்கின்றன. விற்கப் போனால்தான் சிரமம். வாங்குபவருக்கு உங்கள் சால்டர் எப்படி என்று தெரியாது.

யாருக்கு ஏற்றது: எட்டு சேனல் வேண்டியவர், வீட்டு ஸ்டுடியோ, ஊர் ஊராகத் தூக்கிக்கொண்டு போய்ப் பதிவு செய்பவர். ஒரிஜினலை வேனில் ஏற்றிக் குலுக்கிக்கொண்டு போவதை என்னால் பார்க்க முடியாது.

## பிளக்-இன்

மிக்ஸிங்கில் இருபது டிராக்குக்கு அந்த ஈக்யூ வேண்டுமென்றால் கம்ப்யூட்டரில் ஓடும் மென்பொருள் வடிவமான பிளக்-இன்தான், பேச்சே இல்லை. யுனிவர்சல் ஆடியோ ஏஎம்எஸ் நீவின் உரிமத்தோடு செய்கிறது. யூனிசன் என்ற அவர்களுடைய நுட்பம், அவர்களுடைய இண்டர்ஃபேஸின் மைக் உள்ளீட்டு இம்பீடன்ஸையும் (சிக்னல் சந்திக்கும் மின்தடை) சேர்த்தே மாற்றிக்காட்டுகிறது. ரிப்பன், டைனமிக் மைக்குகளில் அது காதுக்கே தெரியும். மறுவிற்பனை மட்டும் கிட்டத்தட்ட இல்லை. உரிமத்தை இன்னொருவர் பெயருக்கு மாற்ற ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு நிபந்தனை வைக்கிறது. போட்ட பணம் போனதுதான் என்று நினைத்தே வாங்க வேண்டும். விலை குறைவு என்பதால் அது பெரிய குறையும் இல்லை.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ஒரிஜினல் | இன்றைய நீவ் | உயர்தர நகல் | மலிவு நகல் | பிளக்-இன் |
|---|---|---|---|---|---|
| தொடக்க விலை | மிக அதிகம் | அதிகம் | அதிகம் | குறைவு | மிகக் குறைவு |
| மறைந்த செலவு | ராக், பவர், ரீகேப், சுங்கம் | 500 சீரிஸ் என்றால் சேஸிஸ் | இறக்குமதிச் செலவு | பெரிதாக இல்லை | இண்டர்ஃபேஸ், அப்டேட் |
| பழுது பார்ப்பது | தெரிந்தவர் வேண்டும் | கம்பெனியே | கம்பெனியே | பெரும்பாலும் மாற்றிவிடுவார்கள் | தேவையில்லை |
| திரும்ப விற்றால் | விலை நிற்கும் | முதலில் சரிந்து பிறகு நிற்கும் | ஓரளவு நிற்கும் | பாதியாகக்கூடும் | கிட்டத்தட்ட எதுவும் இல்லை |
| எதற்கு | ஒன்றிரண்டு முக்கிய சேனல் | தினசரி வேலை | பல சேனல் | கற்க, தொடங்க | மிக்ஸிங் |

இந்தியாவில் இருந்து வாங்குபவர்களுக்குத் தனியாக ஒன்று. வரி, பொருளின் விலைக்கு மட்டும் போடப்படுவதில்லை. கப்பல் கட்டணத்தையும் இன்சூரன்ஸையும் சேர்த்த மதிப்பின் மேல் சுங்கம், அதற்கு மேல் ஜிஎஸ்டி. பழைய பொருளுக்கான இறக்குமதி விதிகளும் தனி. பணம் அனுப்புவதற்கு முன் ஒரு கஸ்டம்ஸ் ஏஜென்டிடம் பேசிவிடுங்கள். வாங்கிய பிறகு பேசினால் அவரால் செய்ய முடிவது கொஞ்சம்தான்.

## 1073 இல்லாமல் வேறு பழையது தேடினால்

பல்டெக் ஈக்யூபி-1ஏ. நியூ ஜெர்சியின் பல்ஸ் டெக்னிக்ஸ் செய்தது, அந்த வரிசை ஐம்பதுகளின் தொடக்கத்தில் பிறந்தது. ஈக்யூ பகுதி காயிலும் கெப்பாசிட்டரிலும் மட்டுமே ஓடும், இழந்த அளவை வால்வு ஆம்ப் ஈடுகட்டும். ஒரே அடித்தள அலைவரிசையில் கூட்டும் குமிழையும் குறைக்கும் குமிழையும் சேர்த்துத் திருப்பினால் இரண்டும் ஒன்றையொன்று சரியாக அழித்துக்கொள்வதில்லை. அடியில் ஒரு மேடும் அதற்குச் சற்று மேலே ஒரு பள்ளமும் கிடைக்கும். கிக் டிரம்முக்கும் பாஸுக்கும் அந்த வளைவுக்காகவே இதைத் தேடுகிறார்கள். அமெரிக்கப் பெட்டி என்பதால் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்குச் செய்தது. நம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸில் ஸ்டெப்-டவுன் வைத்தாலும் உள்ளே உள்ள பவர் டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலாகச் சூடாகும், டெக்னீஷியனிடம் காட்டாமல் நாள் முழுக்க ஓட்டாதீர்கள். டென்மார்க்கின் டியூப்-டெக் பிஈ 1சி அதே எண்ணத்தில் செய்தது. இந்த ஒன்றில் ஒரிஜினலைவிட டியூப்-டெக்கைத்தான் நான் முதலில் சொல்வேன். 230 வோல்ட் மாடலாகவே கிடைக்கும், சர்வீஸ் எளிது.

வி72. ஜெர்மன் வானொலிக்காகச் செய்த வால்வு ஆம்ப். டெலிஃபுங்கன் பெயரில் பிரபலம், வேறு கம்பெனிகளும் செய்தன. அதன் வி72எஸ் வடிவம் ஈஎம்ஐயின் அபே ரோடு ஸ்டுடியோவில் ஓடிய ரெட்.37 கன்சோலில் இருந்தது, அதனால் அந்த ஸ்டுடியோவின் பெயரைச் சொல்லியே விற்பார்கள். சாதாரண வி72-வின் கெயின் 34 டெசிபலில் நிலையானது, கூட்டவோ குறைக்கவோ குமிழ் இல்லை. ஃபேன்டமும் இல்லை. வீணை, வயலின் போன்ற மென்மையான ஒலியை டைனமிக் மைக்கில் எடுக்க அந்த கெயின் போதாமல் போகலாம். இதன் ஈஎஃப்804எஸ் வால்வுகளின் விலையை முதலில் விசாரித்துவிட்டு அப்புறம் ஆம்பை விலை கேளுங்கள்.

ஏபிஐ. 312 ப்ரீஆம்ப், 550ஏ ஈக்யூ. 2520 என்ற ஆப்-ஆம்ப் (சிக்னலைப் பெருக்கும் சிறு பகுதி) இவற்றின் உயிர். கம்பெனியே இன்றும் இவற்றைச் செய்வதால் பழையதைத் தேடி அலைய வேண்டிய கட்டாயம் 1073 அளவுக்கு இல்லை. புதியதே போதும்.

## விற்பவர்களுக்கு

நான்கு வழிகள் இருக்கின்றன. எது நல்லது என்பது உங்களுக்குப் பணம் எப்போது வேண்டும் என்பதைப் பொறுத்தது.

வியாபாரியிடம் நேரடியாகக் கொடுத்துவிடுவது. அமெரிக்காவின் வின்டேஜ் கிங் போன்றவர்கள் பழைய சாமானை வாங்கி, சர்வீஸ் செய்து, உத்தரவாதத்தோடு விற்பவர்கள். உடனே பணம், தலைவலி இல்லை. ஆனால் அவர்கள் சர்வீஸ் செலவும் லாபமும் பார்க்க வேண்டும், ஆகவே சந்தை விலையைவிட நன்றாகவே குறைத்துக் கேட்பார்கள். அது அநியாயம் இல்லை. பழுதான பொருளுக்கு இதுவே சிறந்த வழி.

கமிஷனுக்கு ஒப்படைப்பது. பொருள் அவர்கள் கடையில் இருக்கும், விற்றதும் கமிஷன் போக மீதி உங்களுக்கு. விலை கூடுதல், காத்திருப்பும் கூடுதல். ஒப்பந்தத்தில் மூன்றைப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்: சர்வீஸ் செலவு யாருடையது, கடையில் இருக்கும்போது இன்சூரன்ஸ் யாருடையது, விற்காமல் திரும்பி வந்தால் அனுப்பும் செலவு யாருடையது.

ரிவெர்ப், ஈபே போன்ற தளங்களில் நீங்களே விற்பது. நல்ல நிலையில், நல்ல ஆதாரங்களோடு இருக்கும் பொருளுக்கு அதிக விலை இங்கேதான் வரும். தளக் கட்டணமும் பணப் பரிமாற்றக் கட்டணமும் சேர்ந்து கணிசமாகக் கடிக்கும். "சொன்னபடி இல்லை" என்று திருப்பி அனுப்புபவர்கள்தான் பெரிய ஆபத்து. நல்ல அட்டையை எடுத்துக்கொண்டு கெட்டதைப் போட்டுத் திருப்பி அனுப்பினால் எப்படி நிரூபிப்பீர்கள்? அனுப்பும் முன் ஒவ்வொரு அட்டையையும் சீரியல் எண்ணோடு படம் எடுங்கள். டெக்னீஷியன் உங்களுக்கு மட்டும் தெரிகிற மாதிரி சால்டர் பக்கத்தில் ஒரு சின்ன குறி வைத்தால் இன்னும் நல்லது.

தெரிந்த ஸ்டுடியோக்காரரிடம் கொடுப்பது. கட்டணம் இல்லை, அனுப்ப வேண்டாம், வந்து கேட்டுப் பார்த்து எடுத்துப் போவார். விலையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் கணக்கில் பெரும்பாலும் நஷ்டம் இல்லை.

விற்கும் முன் ரீகேப் செய்ய வேண்டுமா என்று கேட்பார்கள். வேலை செய்கிற மாட்யூலுக்கு வேண்டாம். வாங்குபவர் தன் டெக்னீஷியனிடம் தன் விருப்பப்படி செய்யவே விரும்புவார், நீங்கள் செலவழித்தது விலையில் வராது. அளந்து பார்த்த அறிக்கை ஒன்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: அலைவரிசை வளைவு, டிஸ்டார்ஷன், இரைச்சல் அளவு. ஏற்கெனவே ரீகேப் ஆனதென்றால் கழற்றிய பழைய பாகங்களைத் தூக்கிப் போடாமல் ஒரு கவரில் சேர்த்துக் கொடுங்கள். ஒரிஜினல்தான் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஜோடியாக இருந்ததை ஜோடியாகவே விற்றுவிடுங்கள். ஸ்டீரியோவுக்குத் தேடுபவர் கூடுதலாகத் தருவார்.

முழுக் கன்சோலே கையில் இருந்தால்? மாட்யூல் மாட்யூலாகப் பிரித்து விற்றால் கூட்டுத்தொகை பெரும்பாலும் அதிகம் வரும் என்பது உண்மை. ஆனால் ஃப்ரேம், பேட்ச்பே, வயரிங், பஸ் அட்டைகள் எல்லாம் ஒன்றுக்கும் ஆகாமல் போகும், விற்று முடிக்க வருடக்கணக்கில் ஆகும். ஓடுகிற நிலையில் இருக்கும் கன்சோலை முதலில் முழுதாக வாங்க ஆள் தேடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பிரித்தால் மறுபடி சேராது. பிரிந்த கன்சோல்களின் எண்ணிக்கை ஏற்கெனவே அதிகம்.

அனுப்பும்போது மாட்யூல்களை ராக்கிலிருந்து கழற்றித் தனித்தனியாகப் பொதியுங்கள். ராக்கோடு அனுப்பினால் குலுக்கலில் அட்டைகள் செருகலை விட்டு நழுவும், டிரான்ஸ்ஃபார்மரின் எடை முகப்பை வளைக்கும். வால்வுப் பெட்டி என்றால் எந்த வால்வு எந்தச் சாக்கெட்டில் இருந்தது என்று குறித்துவிட்டு, வால்வுகளைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். பெட்டிக்குள் பெட்டி, இரண்டுக்கும் நடுவே நான்கு விரல் அளவாவது நுரை. முழு மதிப்புக்கு இன்சூரன்ஸ் போட்டு, பொதிவதை வீடியோ எடுத்து, பொருள் போய்ச் சேர்ந்து வாங்கியவர் சரி என்று சொல்லும்வரை அதை அழிக்காமல் வைத்திருங்கள்.